ஆறு சதவீதம் பெரிய கதவு

மூணாறில் மாட்டுப்பட்டி ரோட்டோரம் விடுதி நடத்துகிறவர்கள் எல்லோருக்கும் பொன்ராஜைத் தெரியும். தெரியாது என்று சொல்கிறவர்களும் அவன் வெட்டிக் கொடுத்த பலகையின் கீழேதான் தினமும் போய் வருகிறார்கள். மிஸ்ட் வியூ, வேலி வியூ, ராயல் வியூ, கிரீன் வியூ என்று இந்த மலையில் எத்தனை வியூ உண்டோ அத்தனைக்கும் பெயர்ப்பலகை அவன் உபயம். ராயல் வியூவின் ஜன்னலைத் திறந்தால் வேலி வியூவின் கக்கூஸ் சுவர் தெரியும். அதற்குப் பொன்ராஜ் என்ன செய்வான்? பலகையில் எழுத்து நேராக இருக்கிறதா என்று மட்டும்தான் அவன் பார்ப்பான்.

முன்பு அவன் ஒரு தேயிலை ஃபாக்டரியில் ஃபிட்டருக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தான். அந்த வேலையை ஏன் விட்டான் என்று அவனிடம் கேட்டால், "அங்க என் மூளைக்கு வேலை இல்ல" என்பான். ஃபாக்டரிக்காரர்களிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். இலையை உலர்த்தும் மெஷினில் பொன்ராஜ் யாரையும் கேட்காமல் தன் மூளையைக் காட்டிய அன்று, மொத்தத் தூளும் கருகி, மூணாறு முழுக்க அடுப்பில் எதையோ மறந்துவிட்ட வாசனை அடித்ததாம். அவன் மூளைக்கு வேலை கொடுப்பது ஆபத்து என்று அன்றைக்கே அவர்களுக்கு விளங்கிவிட்டது. நமக்குத்தான் விளங்க இவ்வளவு காலம் ஆயிற்று.

அப்புறம்தான் கோயம்புத்தூரிலிருந்து பெட்டி பெட்டியாக, மரம் குடைகிற அந்த ரவுட்டர் மெஷின் வந்து இறங்கியது. பொழுதுபோக்குக்காக வீட்டில் வைத்துக்கொள்கிற சின்ன ரகம் என்று பெட்டியின் மேல் ஓர் ஒட்டுத்தாளில் அச்சடித்திருந்தது. அந்த ஒட்டுத்தாளைப் பொன்ராஜ் முதல் வேலையாகச் சுரண்டி எடுத்தான். மூன்றடி நீளத்தில் ஒரு மேஜை, அதன் மேல் இங்கும் அங்கும் நகர்கிற ஒரு மோட்டார், மோட்டாரின் வாயில் பென்சில் கனத்தில் ஒரு பிட். கம்ப்யூட்டரில் 'கேட்' என்கிற சாஃப்ட்வேரில் டிராயிங் போட்டுக் கொடுத்தால் அந்தப் பிட் கோடு போன வழியே போய்ப் பலகையைக் குடையும், வட்டம் போட்ட இடத்தில் துளை போடும். விஷயம் இவ்வளவுதான். ஆனால் பொன்ராஜ் வாயால் கேட்க வேண்டும்! ராக்கெட் விடுகிற இடத்தில்கூட இப்படி ஒன்று இருக்காது என்று நினைத்துக்கொள்வீர்கள்.

மெஷின் வீட்டு முன்னறையில் குடியேறியது; அதுவே அவன் கடையும் ஆயிற்று. அன்றிலிருந்து அவன் பெண்டாட்டி ஆனந்தி சமையலறை வாசலில் ஒரு பழைய சேலையைத் திரைபோலக் கட்டிவிட்டுச் சமைக்கிறாள். டூரிஸ்டுகளுக்குச் சாக்லேட் விற்கும் கடையில் அவளுக்கு வேலை. வீட்டுக்கு வந்தால் ரசத்தில் மரத்தூள், தயிரில் மரத்தூள், தலையணை உறையில் மரத்தூள். "ஏங்க, இது என்ன சீரகமா, செதுக்குன தூளா?" என்று கரண்டியை நீட்டிக் கேட்பாள். "பலா மரம். உடம்புக்கு நல்லது" என்று பொன்ராஜ் குடித்துவிட்டுப் போவான்.

அவனுக்கு ஒரே ஒரு கொள்கைதான் உண்டு. கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் அதைச் சொல்லாமல் விடமாட்டான். "மனுசன் கை நடுங்கும். மெஷினு நடுங்குமா? டிராயிங்குல என்ன இருக்கோ அதுதான் பலகையில வரும்." உண்மைதான். அதில் ஓர் எழுத்துப் பிழைகூடக் கிடையாது. டிராயிங்கைப் போடுகிறவன் பொன்ராஜ் என்பதுதான் சங்கடம்.

அவனுக்கு ஓர் அக்கா, சுருளியம்மாள். பாவாடைக்குப் பதிலாகச் சேலை கட்டத் தொடங்கிய வயதிலிருந்து கொழுந்து கிள்ளிக் கிள்ளி, விரல் நுனியெல்லாம் கறுத்துப்போனவள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். மகள்களைப் போடிப் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டாள். போன வருஷம் கம்பெனி அவளை மாலை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்து ரிட்டயர் ஆக்கியது. கடிகாரம் எதற்கென்றால், லயத்து வீட்டைக் காலி பண்ண எவ்வளவு நேரம் பாக்கி என்று அவள் பார்த்துக்கொள்வதற்குத்தான். எஸ்டேட்டில் வேலை போனால் வீடும் போகும்.

லயத்து வீடு என்பது ஒரு ரெயில் பெட்டியைப் பத்தாகத் தடுத்தது மாதிரி. ஆளுக்கு ஓர் அறையும் ஒரு சாய்ப்பும். கதவு கம்பெனியுடையது, அதன் பச்சைப் பெயிண்டும் நம்பரும் கம்பெனியுடையது. சூப்பர்வைசர் தட்டுவான். தலை எண்ணுகிற ஆபீசர் தட்டாமலே வருவார். பக்கத்து வீட்டுக்காரி உப்புக்கும், அவள் புருஷன் சண்டைக்கும், அவர்கள் ஆடு நிழலுக்கும் வரும். சுருளியம்மாள் சேலை மாற்றவேண்டுமென்றால் மகள் ஒருத்தி கதவில் முதுகைக் கொடுத்து நிற்கவேண்டும். இத்தனை வருஷத்தில் ஒரு பகல்பொழுதாவது கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பாளா என்றால், இல்லை.

இப்போது பூப்பாறை போகிற வழியில் மூன்று செண்டு இடத்தில், பஞ்சாயத்துத் திட்டத்தில், அவளுக்கென்று இரண்டு அறையில் ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. முன்வாசல் மட்டும்தான், பின்வாசல் வைக்கிற இடத்தில் மலை நின்றது. சுருளியம்மாள் டைல்ஸ் கேட்கவில்லை, சமையலறைக்குப் புகைக்கூண்டு கேட்கவில்லை.

"ஏலே பொன்ராசு, எனக்கு ஒரு நல்ல கதவு மட்டும் வேணும். அடிமாலியில ரெடிமேடா விக்கான்னு சொன்னாங்க. ஒண்ணு பாத்து எடுத்துக் குடுத்துரு. அம்புட்டுதான்" என்றாள்.

அவ்வளவுதான். கடையில் ஒரு கதவை எடுத்து ஜீப்பில் ஏற்றியிருந்தால் இதை நான் எழுதியிருக்கவே வேண்டாம். பொன்ராஜுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"கூடப் பொறந்தவன் மெஷினு வச்சிருக்கேன். நீ கடையில போயி கதவு வாங்குவியா? ஊரு என்ன சொல்லும்? யக்கா, உனக்கு நான் செய்யிறேன் பாரு ஒரு கதவு. ஒரு ஆணி அடிக்கமாட்டேன். எல்லாம் மரமுளைதான். யானை வந்து முட்டினாலும் அசையாது."

"யானைக்கு வேற வேலை இல்லியா" என்றாள் அக்கா. ஆனால் தம்பி செய்கிறேன் என்கிறானே என்று அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். முகத்தில் தெரிந்தது. அதுதான் இந்தக் கதையில் எனக்குத் தாங்கமுடியாத இடம்.

பொன்ராஜ் உட்கார்ந்தான். சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் உயிரைக் கொடுத்து வரைந்தான். நல்ல பலாப்பலகை வாங்கினான். பூட்டு, கீல், தாழ்ப்பாள் எல்லாவற்றையும் முதலிலேயே வாங்கிவந்து மேஜையில் பரப்பி, வெர்னியர் வைத்து அளந்து அளந்து, எந்தத் துளை எங்கே, என்ன அகலம் என்று கேட் டிராயிங்கில் ஒவ்வொரு வட்டமாகப் போட்டான். பலகைகளைப் பூட்டுகிற மரமுளை எட்டு மில்லி கனம்; துளையும் எட்டு மில்லி. கீலுக்கு எத்தனை ஓட்டையோ அத்தனை துளை, அதே இடைவெளியில். நிலை, கதவு இரண்டும் அந்த ஒரே டிராயிங்கில் இருந்தன. நியாயத்துக்குச் சொல்கிறேன், அந்த டிராயிங் அன்றைக்குச் சரியாகவே இருந்தது. அப்படியே மெஷினுக்குக் கொடுத்திருக்கலாம்.

அந்த நேரம் பார்த்து ரிஜின் வந்தான். வீட்டைக் கட்டிக்கொண்டிருந்த கான்ட்ராக்டர் பையன். மலையாளி, நல்ல பிள்ளை, வாய் மட்டும் சும்மா இருக்காது. சுருளியம்மாளும் அன்று கடைக்கு வந்து, ஆனந்தி கொடுத்த டீயோடு உட்கார்ந்திருந்தாள். ரிஜின் டிராயிங்கை எட்டிப் பார்த்தான்.

"பொன்ராஜ் அண்ணா, கணக்கு நோக்கியாச்சோ?"

"என்ன கணக்கு?"

மலையாளத்துத் தச்சுக் கணக்கு. கதவோ நிலையோ கட்டிலோ, அதன் சுற்றளவைக் கோலும் விரலுமாக அளந்து, அது எந்த வயதில் விழுகிறது என்று பார்ப்பார்கள். ஆமாம் சாமி, மரச்சட்டத்துக்கும் வயது உண்டு. பால்யம், கௌமாரம், யௌவனம், வார்த்தக்யம், மரணம் என்று ஐந்து. ஒரு காலத்தில் இதையெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கும் ஆசாரிகள் சொல்வார்கள். இப்போது ரிஜினின் போன் சொல்கிறது. நீளத்தையும் அகலத்தையும் அடித்தான். போன் யோசித்தது. ரிஜின் உதட்டைப் பிதுக்கினான்.

"அய்யோ. இது மரணத்தில கெடக்குது கேட்டோ."

பொன்ராஜ் சிரித்தான். "தம்பி, நான் சயின்ஸ் ஆளு. எங்கிட்ட இந்தக் கதையெல்லாம் வேண்டாம்."

"நான் சொன்னேன்னு மாத்திரம். அண்ணன் இஷ்டம்."

"சாகப்போற வயசுல உள்ளவளுக்கு மரணத்துல கதவு வந்தா பொருத்தமாத்தான இருக்கு" என்று சுருளியம்மாளும் சிரித்தாள். சிரித்தாள்தான், ஆனால் கையில் இருந்த டீயை அதற்கு மேல் குடிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மழை வருமா என்று வெளியே பார்த்தாள்.

அதைப் பொன்ராஜ் பார்த்துவிட்டான். ஆனந்தியும் பார்த்தாள். அக்கா ஜீப் ஏறிப்போன பிறகு ஆனந்தி சொன்னாள்: "ஏங்க, தெரிஞ்ச பொறவு வைக்கக்கூடாதுங்க. நாளைக்கு மதினிக்கு ஒரு சளிக்காய்ச்சல் வந்தாலும் இந்தக் கதவத்தான் சொல்லுவாங்க. நம்மளத்தான் சொல்லுவாங்க."

சயின்ஸ் ஆள் ரிஜினுக்குப் போன் போட்டான். "தம்பி, சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கேன். எவ்வளவு கூட்டினா தப்பிக்கும்?"

எவ்வளவு கூட்டினால் யௌவனம் வரும் என்று ரிஜின் சொன்னான். பொன்ராஜ் கணக்குப் போட்டுப் பார்த்தான். ஆறு சதவீதம். சுவரில் நிலைக்கு விட்ட இடத்தைக் கொஞ்சம் கொத்திக்கொண்டால் சரியாகிவிடும் என்று ரிஜினும் தாராளமாகச் சொன்னான். கொத்துகிற கூலி அவனுக்குத்தானே.

இனிமேல்தான் பொன்ராஜின் மூளைக்கு வேலை. ஒழுங்காகச் செய்வதென்றால் சட்டங்களின் ஓரங்களை மட்டும் இழுத்து நீட்டி, துளைகளை அதனதன் இடத்தில் திரும்பப் போடவேண்டும். அதற்கு ஒரு முழுப் பகல் உட்காரவேண்டும். கேட் டிராயிங்கில் அதைவிடச் சுலபமான வழி இருக்கிறதே! எல்லாவற்றையும் மவுஸால் ஒரே சுற்றில் வளைத்துப் பிடித்தான். ஸ்கேல், அதாவது அளவை மாற்று, என்று கொடுத்தான். ஆறு சதவீதம் என்று அடித்தான். ஒரு தட்டு. கண்முன்னே கதவு மரணத்திலிருந்து எழுந்து யௌவனத்தில் நின்றது.

கதவு வளர்ந்தது. நிலை வளர்ந்தது. கூடவே அத்தனை துளைகளும் வளர்ந்தன. துளைக்கும் துளைக்கும் நடுவே உள்ள தூரமும் வளர்ந்தது. கடையில் வாங்கிய பூட்டும் கீலும் மட்டும் எந்த வயதிலும் விழாமல், வாங்கின அளவிலேயே மேஜையில் கிடந்தன. அவற்றுக்கு யார் போய் யௌவனம் வந்த சேதியைச் சொல்வது?

மெஷின் ஓட ஆரம்பித்தது. மூன்றடி மேஜையில் ஏழடிச் சட்டம் ஒரே மூச்சில் நிற்காது. பாதியை ஓட்டி, நகர்த்தி வைத்து, மீதியை ஓட்டினான். பிட் வட்டம் வட்டமாகச் சுற்றி இறங்கித் துளை போடும் அழகைப் பார்க்க ரோட்டில் போன டூரிஸ்டுகள் நின்றார்கள். ஒரு குஜராத்திக் குடும்பம் வீடியோ எடுத்தது. பொன்ராஜ் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றான். எல்லாத் துளையும் ஒன்றுபோலச் சுத்தமாக வந்தன. ஒன்றுகூடப் பிசகவில்லை. எல்லாமே தப்பாக இருந்தால் பிசகு எப்படித் தெரியும்?

மரமுளையை முதல் துளையில் வைத்தான். அது வழுக்கிக்கொண்டு உள்ளே போய்க் கடகடவென்று ஆடியது. வேறொன்றை வைத்தான். அதுவும் ஆடியது. பொன்ராஜ் கொஞ்ச நேரம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தான்.

"முளை காஞ்சு சுருங்கிருச்சு" என்றான்.

மூணாறில்! துவைத்த துணி மூன்று நாள் கொடியில் கிடந்தாலும் ஈரம் சொட்டுகிற ஊரில், செருப்பில் காளான் முளைக்கிற ஊரில், மரமுளை மட்டும் காய்ந்து சுருங்கியதாம். ஆனந்தி கொடியில் கிடந்த ஈரச் சேலையை ஒருமுறை பிழிந்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பசையில் மரத்தூளைக் குழைத்து முளையைச் சுற்றி அப்பி இறக்கினான். கீலை வைத்தால் அதன் ஓட்டை ஓரிடத்தில், பலகையின் துளை வேறிடத்தில். ஸ்குரூவைச் சாய்த்து, பக்கத்து மரத்தில் கடிக்க வைத்து முடுக்கினான். பூட்டுக்கு நான்கு ஸ்குரூ, இரண்டுதான் ஏறியது. சாவிக்குழல் நுழைகிற வட்டத்தில் குழலைச் சுற்றிலும் இடைவெளி தெரிந்தது.

"ஏங்க, டிராயிங்கு சரிதானா?" என்று ஆனந்தி மெதுவாகக் கேட்டாள்.

"டிராயிங்குல என்ன தப்பு வரும்? பூட்டுக் கம்பெனிக்காரன் அளவ மாத்திட்டான், களவாணிப் பய."

கதவையும் நிலையையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டுபோய் மாட்டியும் ஆயிற்று. பால் காய்ச்சுவதற்கு முந்தின நாள் மத்தியானம், வருகிறவர்களிடம் காட்டலாமே என்று டிராயிங்கை ஒரு பிரிண்ட் எடுக்கக் கம்ப்யூட்டரைத் திறந்தான். ஒரு முளைத்துளையின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோனான். பக்கத்தில் எண் காட்டியது. எட்டு என்று இருக்கவேண்டிய இடத்தில் 8.48 என்று இருந்தது.

பொன்ராஜ் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அடுத்த வட்டத்தைப் பார்த்தான். அதற்கடுத்ததையும் பார்த்தான். முளை சுருங்கவில்லை, பூட்டுக் கம்பெனிக்காரன் களவாணி இல்லை. முழுக் கதவும் கொழகொழவென்று பசையில் நிற்கிறது, அக்காவின் வீட்டு வாசலில்.

போனை எடுத்து, "யக்கா, கதவு தப்பாயிருச்சு, பத்து நாள் தள்ளிப் போடு" என்று சொல்லலாம். எடுத்தான். அக்காதான் முதலில் பேசினாள். லயத்துச் சாவியை ஆபீசில் ஒப்படைத்துவிட்டாளாம். சாமான் எல்லாம் ஏற்றியாகிவிட்டதாம். மகள்களும் மருமகன்களும் போடியிலிருந்து வண்டி ஏறிவிட்டார்களாம்.

"எங்கூட கொழுந்தெடுத்த எல்லாரையும் வரச் சொல்லிருக்கேம்லே. எந்தம்பி மெஷினுல செஞ்ச கதவுன்னு சொல்லி வச்சிருக்கேன். நீ எதுக்குக் கூப்பிட்ட?"

"சும்மாதான்" என்றான் பொன்ராஜ். "நல்ல சட்டையா போட்டுட்டு வரணுமான்னு கேக்கத்தான்."

மானம் என்று ஒன்று இருக்கிறதே, அது மனுஷனை எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல முடியாது. ஒரு வாரம் பசை தாங்கினால் போதும், பிறகு ஏதாவது சாக்குச் சொல்லிக் கழற்றிக்கொண்டுவந்து, யாருக்கும் தெரியாமல் வேறு செய்து மாட்டிவிடலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். அன்று சோறு மட்டும் இறங்கவில்லை.

மறுநாள் காலை கதவுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. நடுவே மாவிலை. பெண்கள் தடவித் தடவிப் பார்த்தார்கள். "ஒரு ஆணி கெடையாதாம்!" என்று சுருளியம்மாள் பத்துப் பேரிடம் சொன்னாள். யாராவது கதவில் சாய்ந்தால் பொன்ராஜுக்கு உயிர் போய் உயிர் வந்தது. "சாயாதீங்க, பாலிஷ் போயிரும்" என்று அங்கேயே காவல் நின்றான். ரிஜின் கதவோடு நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டான்.

பால் பொங்கியது. எல்லோரும் குலவை போட்டார்கள். வெளியே பந்தலில் இலை போடத் தயாராக இருந்தது. அப்போது சுருளியம்மாள் சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நடு அறையில் வந்து நின்றாள்.

"எல்லாரும் கொஞ்சம் வெளிய போங்க."

ஒருவருக்கும் புரியவில்லை.

"போங்க, போங்க. பிள்ளைகளையும் தூக்கிட்டுப் போங்க. நான் ஒருதடவ கதவச் சாத்திப் பாக்கணும்."

பொன்ராஜ் முன்னே வந்து வாசலை மறித்தான். "யக்கா, இன்னைக்கு வேண்டாம். பசை காயட்டும்."

"ஆணி இல்லாத கதவுக்கு என்னலே பசை? நகரு."

அவனையும் சேர்த்து வெளியே தள்ளினாள். கதவைப் பிடித்தாள். மெதுவாகச் சாத்துவாள் என்று நினைத்தீர்களா? ஆசை ஆசையாக, ஒரே இழுப்பில், ஓங்கிச் சாத்தினாள். டமார் என்று கனமாக ஒரு சத்தம் வந்தது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. அந்த ஒரு நிமிஷம் பொன்ராஜ் நெஞ்சு விம்மியது. நின்றுவிட்டதே!

பிறகு கடக் என்றது. மேல்கீலின் ஸ்குரூக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று வந்தன. கதவு ஒரு பக்கம் தொய்ந்து இறங்கி, கீழ்முனை உள்ளே புதுச் சிமெண்டுத் தரையில் கடித்துக்கொண்டு நின்றது. உள்ளே பூட்டு தொப்பென்று விழுகிற சத்தம் கேட்டது. வெளியே நான்கைந்து மரமுளைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து படியில் உருண்டன. ஒன்று ரிஜின் காலடியில் போய் நின்றது.

"ஏலே," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது, "தாழ்ப்பா வரமாட்டேங்குது."

தள்ளிப் பார்த்தார்கள். அசையவில்லை. யானைக்கு வாக்குக் கொடுத்த கதவு அல்லவா, மனிதர்களுக்கு அசையுமா? ஜன்னல் வழியே போகலாமென்றால் ரிஜின் வைத்த கம்பி. அந்த வீட்டிலேயே ஒழுங்காகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

"யௌவனத்தில உள்ள கதவல்லே அண்ணா. கொஞ்சம் பலம் காட்டும் கேட்டோ" என்றான் ரிஜின். ஆனந்தி பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான்.

மருமகன்களில் ஒருவன் கடப்பாரை எடுத்துவந்தான். மகள்கள் அழ ஆரம்பித்தார்கள். பால் காய்ச்சிய நாளிலேயே அம்மா உள்ளே மாட்டிக்கொண்டாளே, என்ன சகுனமோ என்று கிழவிகள் முணுமுணுத்தார்கள். பூட்டு விழுந்த இடத்தில் வட்டத் துளை ஒன்று திறந்து கிடந்தது. பொன்ராஜ் குனிந்து அதில் கண்ணை வைத்தான். அக்கா உள்ளே பயந்துபோய் அழுதுகொண்டிருப்பாள், அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது என்று நினைத்துக்கொண்டேதான் வைத்தான்.

சுருளியம்மாள் அழவில்லை. நடு அறையில் பாய் விரித்து, சுவரில் சாய்ந்து, இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கொண்டையை அவிழ்த்துவிட்டிருந்தாள். பக்கத்தில் ஒரு டம்ளர் பால். ஒரு சுவரைப் பார்த்தாள், பிறகு அடுத்த சுவரைப் பார்த்தாள். ஒரு வாய் பால் குடித்தாள். அக்கா இப்படி உட்கார்ந்து பொன்ராஜ் பார்த்ததே இல்லை.

"யக்கா, பயப்படாத. கடப்பாரை வந்துருச்சு. ஒடச்சிருவோம்."

"எவம்லே அவன் கடப்பாரையோட நிக்கிறது? என் கதவுல ஒரு கீறல் விழுந்துச்சு, கைய ஒடிச்சிருவேன். சோறு ஆறுது, போயி எலயப் போட்டுத் தின்னுங்க. நான் பொறவு வாரேன்."

மருமகன் கடப்பாரையைக் கீழே போட்டான். பொன்ராஜ் துளையை விட்டு நகரவில்லை. சுற்றிலும் ஆனந்தி, ரிஜின், அக்காவோடு கொழுந்தெடுத்த பெண்கள், போடிச் சம்பந்திகள் எல்லோரும் நின்றார்கள். எல்லோர் காதிலும் விழும். விழட்டும் என்று நினைத்தான்.

"யக்கா, பூட்டுல ஒண்ணும் தப்பில்ல. மெஷினுலயும் தப்பில்ல. நாந்தான். எல்லாத்தையும் சேத்துப் பெருசாக்கிட்டேன். நேத்தே தெரியும் எனக்கு. வாய்விட்டுச் சொல்ல முடியல."

ஆனந்தி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் வாயிலிருந்து 'நாந்தான்' என்று ஒரு தப்புக்கும் வந்து அவள் கேட்டதில்லை.

"சரிலே. சாயங்காலம் கழட்டிக்கலாம்" என்றாள் சுருளியம்மாள். "மொதல்ல அந்த ஓட்டையிலருந்து கண்ண எடு. உள்ள ஒரு பொம்பள உக்காந்திருக்கா."

பொன்ராஜ் சடக்கென்று தலையை எடுத்துக்கொண்டான். தோளில் கிடந்த புதுத் துண்டை உருவி, ஒரு முனையைச் சுருட்டி, துளையில் நன்றாகத் திணித்து அடைத்தான். இழுத்துப் பார்த்தான்; வரவில்லை. பிறகு கதவுக்கு முதுகைக் காட்டிப் படியில் உட்கார்ந்துகொண்டு, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான்.

"எல்லாரும் சாப்பிடப் போங்க. அக்கா வீட்டுல இருக்கா."